சாந்தினியின் இடது முன்னங்கால்

என் செல்லத் தம்பி ஜெபராஜ்,

சாந்தினி போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், தாபோடிப் பாலத்துக்கு ஏறுகிற மேட்டில், இழுத்து வந்த டாங்கா வண்டியோடு முன்பக்கமாகச் சரிந்து விழுந்தாள். பிறகு எழவில்லை. எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கண் திறந்துதான் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று கேட்காதே. தெரிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனையோ தடவை வந்தேன். பூ வைத்தேன், ஜெபம் சொன்னேன், திரும்பினேன். நீ போன மறுவருஷம் அணை உடைந்து பூனாவுக்குள் வெள்ளம் புகுந்ததைச் சொன்னேன். என் மூத்தவளுக்குக் கல்யாணம் ஆனதைச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் அந்தப் பேச்சை எடுக்காதவன், கல்லிடம் எப்படி எடுப்பேன்?

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

பூனாவை ஒட்டிய கிர்க்கியில் ஒரே குதிரை லாயத்தில்தான் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நீ சவாரிக்காரன். நான் டிரஸ்ஸர். காயம் கழுவுவது, மருந்து வைப்பது, கட்டுப் போடுவது என் வேலை. நீ ஏறுகிற குதிரையின் காலை நான் பார்ப்பேன். 'அண்ணன் தொட்டுப் பாத்துட்டா போதும், எனக்குப் பயமில்ல' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாய். அப்படி நீ சொல்லாமல் இருந்திருந்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ?

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த நெடுஞ்சவாரி. கிர்க்கியிலிருந்து சாத்தாரா போய்த் திரும்பி வர வேண்டும், நான்கு நாள். முதல் வருகிறவனுக்குப் பரிசு இல்லை. குதிரையை முழுசாகத் திருப்பிக் கொண்டுவருகிறவனுக்குத்தான் பரிசு. ஒவ்வொரு நாள் காலையிலும் குதிரை டாக்டர் சாப் கால்களைத் தடவிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, சரி என்றால்தான் குதிரை அன்றைக்குப் போகலாம். உனக்குச் சாந்தினி கிடைத்தாள். சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளை, நீண்ட கழுத்து. நாங்கள் மருந்துப் பெட்டியோடு லாரியில் பின்னால் வந்தோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம், சாத்தாராவுக்கு வெளியே முகாம். நீ கடைசி ஒரு மைல் இறங்கி நடந்தே வந்தாய், சேணத்து வாரைத் தளர்த்திவிட்டு. நான் குளம்புகளைத் தூக்கிப் பார்த்துச் சிக்கிய கல்லைக் குத்தி எடுத்தேன். ஓடையில் முழங்கால் மட்டும் தண்ணீரில் நிறுத்தினோம். கரையேற்றி, குளம்புக்கு மேலே இருக்கிற பள்ளத்தில் ஈரம் தங்காமல் துணியால் ஒற்றினேன். ஈரம் தங்கினால் தோல் வெடித்துவிடும். அப்புறம்தான் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு முன்னங்கால்களையும் ஒரே சமயத்தில் இரண்டு கையால் மேலிருந்து கீழே தடவினேன். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். ஒரு காலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது வேறு என்று கைக்குத் தெரியும்.

இடது காலில், முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக ஓடுகிற பெருநரம்பில், நடுவில், அரை விரல் நீளத்துக்குச் சூடு. அத்தனை நேரம் ஓடைத் தண்ணீரில் நின்ற பிறகும் சூடு. அழுத்தினேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

உன்னைப் பார்த்தேன். நீயும் பார்த்துவிட்டாய்.

"கொஞ்சம் சூடுதானண்ணே" என்றாய்.

"ஏல, இது சும்மாச் சூடு இல்ல. நரம்புல பிடிச்சிருக்கு. நாளைக்கு ஏறுனா போயிரும். நான் போயி டாக்டர்கிட்டச் சொல்லுதேன்."

நீ என் கையைப் பிடித்தாய். ஈரமான கை. "அண்ணே, சொல்லாதிய. ரூத்துக்கு இந்த மாசந்தான் பேறுகாலம். அந்த ஒத்த ரூம்புல மழைக்கு ஒழுகுது. இத முடிச்சா என்னயப் பயிற்சிக்கு எடுப்பாவ, குவார்ட்டர்ஸ் தருவாவ. நீங்க நெனச்சா இந்தச் சூட்ட இறக்கிரலாம்லா?"

"இறக்கலாம். வலிய இறக்க முடியாது."

"நான் ஓட்டலண்ணே. நடத்தியே கூட்டிட்டு வாரேன். மலையெறக்கத்துல கீழ எறங்கிருதேன். சத்தியமா."

அந்த இடத்தில் நான் எழுந்து போயிருக்க வேண்டும். டாக்டர் சாப் கூடாரம் நூறடி தூரத்தில் இருந்தது. வெளியே நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கோபக்காரர்கூட இல்லை. நான் போகவில்லை, தம்பி. உனக்காக என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுசும் உண்மையா? அண்ணனால் ஆகாதது எதுவும் இல்லை என்று நீ பார்த்தாயே, அந்தப் பார்வையில் எனக்கும் ஒரு மயக்கம் இருந்தது.

களிமண்ணைக் காடியில் குழைத்து அந்த நரம்பின் மேல் தடிமனாகப் பூசினேன். மேலே பஞ்சு, அதற்கு மேல் கம்பளிப் பட்டி. பட்டி எல்லாச் சுற்றிலும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும்; ஓரிடம் இறுகினாலும் நரம்பு வெந்துவிடும். முடிச்சு பக்கவாட்டில், நரம்பின் மேலே வராமல். சந்தேகம் வரக் கூடாதென்று நல்ல காலுக்கும் அதே மாதிரி கட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் கட்டுப் போட்டதே இல்லை. விடியக்காலையில் பட்டியை அவிழ்த்து, வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். டாக்டர் சாப் வந்து தடவினார். "படியா" என்றார், ரொம்ப நல்லா இருக்கிறது என்று. உன்னைப் போகச் சொன்னார். கால் மரத்துப்போயிருந்ததால் அவள் நொண்டவும் இல்லை.

நீ சொன்ன வாக்கைக் காப்பாற்றினாய். அதை நான் கண்ணால் பார்த்தேன். கம்பாட்கி மலையில் ஏறும்போதே இறங்கிவிட்டாய். மற்றவர்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். மறுபக்க இறக்கத்தில் நீ கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, வெயிலில், அவளோடு பேசிக்கொண்டே பக்கத்தில் நடந்தாய். எங்கள் லாரி பின்னால் மெதுவாக வந்தது. முன்சீட்டில் நான், ஓட்டுகிறவன் வளைவுகளில் கண்ணாக இருந்தான். ஒரு திருப்பத்தில் அவள் உருட்டுக்கல் ஒன்றில் கால் வைத்தாள். அவ்வளவுதான். கணுக்கால் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கிவிட்டது. சத்தம் எதுவும் வரவில்லை. நீ சாலையிலேயே உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய். நான் லாரியிலிருந்து குதித்து ஓடி வந்தேன். நீ என்னைத் திட்டவில்லை. "அண்ணே, தண்ணி கொண்டாங்க" என்றாய்.

அதற்கப்புறம் விசாரணை. ஒரு காலை நேரம், ஆபீஸ் அறை. லாயத்துக்குத் தலைவரான மேஜர் சாப், டாக்டர் சாப், நீ, நான். மேஜர் சாப் என்னைத்தான் முதலில் கேட்டார். 'சாத்தாராவில் சாயங்காலம் அந்தக் குதிரையின் காலை நீதானே பார்த்தாய், அப்போது ஏதாவது இருந்ததா?'

"டீக் தா, சாப்" என்றேன். நன்றாக இருந்தது, ஐயா. மூன்றே சொல்.

நீ எனக்கு இடது பக்கம் நின்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியானால் எப்படி நடந்தது என்று உன்னைக் கேட்டார்கள். நீ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அண்ணன் இன்னொரு தடவை வாயைத் திறப்பான் என்று காத்திருந்தாயா? பிறகு நிமிர்ந்து, இறக்கத்தில் வேகமாக ஓட்டிவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னாய். டாக்டர் சாப் அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயில்லாப் பிராணியை அடித்து விரட்டியவன் என்று லாயம் முழுதும் பேச்சானது. உன்னை வெளியே அனுப்பினார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள்.

நீ வெடிமருந்து ஆலையில் வேலைக்குப் போனாய். போபோடியில் அந்த ஒழுகுகிற ஒற்றை அறையிலேயே ஸ்டெல்லா பிறந்தாள். கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வந்தீர்கள். சாப்பிட்டீர்கள். ஆலையைப் பற்றிப் பேசினாய், குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பேசினாய். ஒரு தடவையாவது, ஒரு குத்தல் வார்த்தையாவது சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு வருஷம், நீ என்னைப் பார்த்த பார்வையில் எதுவுமே மாறவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல். எட்டு நாள். ஆறாம் நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரூத் பத்தடி தள்ளி அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். எழுந்து போய், 'உன் புருஷன் மேல தப்பு இல்லம்மா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் உன் பெட்டியை நானும் ஒரு பக்கம் தூக்கினேன்.

சாந்தினியை நான் ஆறு மாசம் பார்த்தேன். தினமும் தண்ணீர், பட்டி, கையால் உருவிவிடுவது. கடைசியில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடும் போட்டார்கள். நரம்பு ஒட்டிக்கொண்டது, ஆனால் வில் மாதிரி வளைந்து புடைத்து நின்றுவிட்டது. இனிச் சவாரிக்கு ஆகாது என்று ஏலத்தில் விட்டார்கள். எங்கே போனாள் என்று தெரியாமல் இருந்தது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை என்பதே சரி.

போன வருஷம் தீபாவளி முடிந்து ஒரு சாயங்காலம், கிர்க்கி ஸ்டேஷன் வெளியே டாங்காக்கள் நிற்கிற இடத்தைக் கடந்து வந்தேன். மூன்றாவது வண்டியில் ஒரு வெள்ளைக் குதிரை. வயசானால் சாம்பல் நிறம் வெள்ளையாகிவிடும் என்று உனக்குத் தெரியும். நான் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கண் எப்போதும் காலுக்குத்தான் போகும். அந்த வில் வளைவைப் பார்த்தேன். பையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து இரண்டு காலையும் தடவினேன்.

வண்டிக்காரர் சகாராம் என்று ஒரு மராட்டிக்காரர். ஒல்லியான ஆள். "காய் ஜாலா, பாவு?" என்று இறங்கி வந்தார். என்னாச்சு என்று கேட்கிறார். நான் இந்தியில், இந்தக் காலில் சூடு இருக்கிறது, இவளை இழுக்கவிடக் கூடாது என்றேன்.

"நொண்டிதான். ஆனா நடப்பா. இவ நடக்கலேன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது" என்றார் அவர். வருத்தத்தோடுதான் சொன்னார். அவர் அவளை அடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து நேராக அங்கே போனேன். ஸ்டேஷன் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். களிமண் பூசினேன். என் பழைய கம்பளியைக் கிழித்துப் பட்டி செய்தேன். காலையில் எப்படி அவிழ்க்க வேண்டும், எப்படி உருவிவிட வேண்டும் என்று சகாராமுக்குக் காட்டிக் கொடுத்தேன். அவரும் ஒழுங்காகச் செய்தார். எதற்காக இந்த மதராஸி தினமும் வருகிறான் என்று மற்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். எதற்காக என்று எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் நான் இறக்கிய சூடு, மறுநாள் அவள் நாள் முழுதும் வண்டி இழுத்ததும் திரும்பவும் ஏறியிருக்கும். நான் அவளைக் குணப்படுத்தவில்லை. மறுநாள் இழுக்கிற அளவுக்குத் தேற்றி அனுப்பினேன். சாத்தாராவில் செய்ததையேதான் திரும்பத் திரும்பச் செய்தேனா, தம்பி?

எட்டு வருஷமாக இடது காலைக் காப்பாற்ற வலது காலில் பாரம் போட்டு நடந்தவள். செவ்வாய்க்கிழமை அந்த வலது கால்தான் போனது. கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். செய்ய ஒன்றும் இல்லை என்றார். ஊசி போடுகிற வரை நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். சகாராம் சாலையோரம் போய் முதுகைக் காட்டி நின்றார். "காய் கரணார்?" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன செய்வது, என்ன செய்வது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, எப்போதும் போல உன் வீட்டுக்குப் போனேன். ரூத் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுக்கிறாள், கௌரவமாகத்தான் இருக்கிறாள். சாந்தினி செத்துப்போனதைச் சொன்னேன். அவள் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். ஸ்டெல்லாதான் கேட்டாள். எட்டு வயசாகிறது அவளுக்கு. தெருவில் எல்லாம் இந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

"பெரியப்பா, அந்த கோடா... அது பப்பாவோட கோடா தானே? பப்பா அத மார்... அடிச்சாங்களா? அதனால லங்டா ஆச்சா?" அதனால்தான் குதிரை நொண்டியானதா என்று கேட்கிறாள்.

"யாரும்மா சொன்னா?"

"மம்மி."

ரூத் தலையை நிமிர்த்தவில்லை. நான் ஸ்டெல்லாவை வெளியே விளையாடப் போகச் சொன்னேன். அப்புறம் எல்லாவற்றையும் ரூத்திடம் சொன்னேன். ஓடை, களிமண், பட்டி, காலையில் ஊற்றிய தண்ணீர், நீ இறங்கி நடந்தது, ஆபீஸ் அறையில் நான் சொன்ன மூன்று சொல். அழுவாள் என்று நினைத்தேன். என்னை ஏசுவாள், ஏசட்டும் என்று நினைத்தேன்.

"இத இப்ப எதுக்கு எங்கிட்டச் சொல்லுதிய, அத்தான்?" என்றாள்.

நான் எழுந்திருக்கப் போனேன்.

"அவிய காய்ச்சல்ல கெடக்கும்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாயில்லாச் சீவன அடிச்சு வெரட்டுனியளே, அந்தப் பாவந்தான் நம்மளப் போட்டு ஆட்டுதுன்னு சொன்னேன். கடைசி நாளு. காலைல. அவிய என்னயப் பாத்தாவ. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாவ. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசவே இல்ல." அவள் குரல் உயரவே இல்லை. "நான் சொன்னத யாரு திருப்பி எடுப்பா? நீங்க எடுப்பியளா?"

பிறகு எழுந்து கதவைத் திறந்தாள். "இனி ஞாயித்துக்கெழம வராதிய" என்றாள்.

போபோடிச் சந்துகளில் எப்படி நடந்து வீட்டுக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. தம்பி, சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். என்னுடையது குறையவில்லை, அவள் தலையிலும் ஒன்றை ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். ஆறாம் நாள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவளிடம் நான் போய்ச் சொல்லியிருந்தால், எட்டாம் நாள் காலையில் அவள் உன்னிடம் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். நீ அவள் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாய். அதுகூட உனக்குக் கிடைக்காமல் செய்தவன் நான். உன் வேலை போனதற்கு நீயும் ஒரு காரணம். இதற்கு நான் மட்டும்தான்.

நீ ஏன் அவளிடமாவது சொல்லவில்லை? வீட்டுக்குள், பெண்டாட்டியிடம்? அண்ணன் பேர் அவள் வாயிலிருந்துகூடக் கெட்டுவிடக் கூடாது என்றா? இதற்கு நீ பதில் சொல்லப் போவதில்லை. நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

இந்தக் கடிதத்தைச் சபையின் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். கிர்க்கியிலும் போபோடியிலும் தாபோடியிலும் உன்னைத் தப்பாகப் பேசிய நம் ஆட்கள் படிக்கட்டும். லாயத்து மேஜர் சாபுக்கும் இந்தியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பழைய கோப்பு இருக்கிறதோ இல்லையோ, என்னை என்ன செய்வார்களோ, தெரியாது.

ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். ஸ்டெல்லாவுக்குத் தமிழ் படிக்க வராது. பத்திரிகை அவளுக்குப் பயன்படாது. ரூத் என்றைக்கு அனுமதிக்கிறாளோ அன்றைக்கு, பத்து வருஷம் கழித்தாலும் சரி, அந்தப் பிள்ளை முன்னால் உட்கார்ந்து, அவளுக்குப் புரிகிற பாஷையில் நானே சொல்வேன். உன் அப்பா குதிரையை அடிக்கவில்லை, அது வலியோடு நடக்கிறதென்று தெரிந்து இறங்கிக் கூடவே நடந்தார் என்று சொல்வேன். மறைக்கச் சொன்னது அவர்தான் என்றும் சொல்வேன். உன்னை நல்லவனாக்க இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். மறைத்தது யார், கேட்டபோது பொய் சொன்னது யார் என்பதையும் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடாமல் போனால், போகட்டும்.

உன் கூடப் பிறந்தவன்,
அண்ணன் தேவசகாயம்